மலையைச் சுத்திட்டு வா

வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தான். இன்று காலை கட்டிலை நகர்த்தினேன். அடியில் உன் செருப்பு கிடந்தது. சர்க்கரைக்காரர்களுக்கென்று பெரியாஸ்பத்திரியில் கொடுத்தார்களே, உள்ளே மெத்தென்று ரப்பர் வைத்த கறுப்புச் செருப்பு, அதுதான். தூசியைத் தட்டித் திருப்பிப் பார்த்தேன். அடியில் கோடுகள் அப்படியே இருக்கின்றன. குதிகால் பக்கம் மட்டும் லேசாக மழுங்கியிருக்கிறது. "தூக்கிப் போட்டுடவாண்ணே?" என்று கேட்டான் வெள்ளையடிக்கிறவன். "வைடா கீழே" என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவன் இப்போது எழுதி என்ன கிழிக்கப் போகிறான் என்று நீ கேட்பாய். கேள். உனக்கு இல்லாத உரிமையா?

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "சர்க்கரை ஜாஸ்தி இருக்கு. மாத்திரை மட்டும் போதாது, தினம் அரை மணி நேரம் நடங்க. கால்ல உணர்ச்சி கம்மியாயிடுச்சு. வெறுங்காலோட வாசப்படிகூடத் தாண்டக் கூடாது." அப்போதுதான் இந்தச் செருப்பைக் கொடுத்தார்கள். வெளியே வந்து அதை மாட்டிக்கொண்டு, "நடக்கச் சொல்றாங்க, எங்க நடக்கறதுன்னு சொல்லலியே" என்று சிரித்தாய்.

கேட்க வேண்டிய கேள்விதான். நம் தெருவில் எங்கே நடப்பது? ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் வரிசையாக பைக், நடுவில் தண்ணி லாரி. மருந்துக்கும் ஒரு மரம் கிடையாது. நீ காலையில் கெஸ்ட் ஹவுஸுக்குப் போய் வெள்ளைக்காரர்கள் தங்கும் ரூமெல்லாம் பெருக்கித் துடைத்துவிட்டு வீடு திரும்பும்போது மதியமாகிவிடும். உனக்கென்று இருந்தது அந்த மதிய நேரம்தான். தகர ஷீட்டுக்குக் கீழே அந்த நேரத்தில் நாயும் படுக்காது.

ஆனால் தெருக்கோடியில் அந்தச் சுவர் இருந்தது. சுவரைச் சுற்றிக்கொண்டு போனால் புது நகர், நகருக்கு நடுவில் பார்க். புங்கமும் வேம்புமாக அடர்ந்து, சுற்றிலும் நடக்க சிமென்ட் பாதை. ஒருநாள் நீ பாட்டுக்கு உள்ளே போய் நடந்துவிட்டு வந்து, வாசலில் நின்று, "ஏங்க, அங்க காத்து வேற மாதிரி இருக்குதுங்க" என்றாய். முகம் தெளிந்திருந்தது. "யாராவது பாத்தாங்களா?" என்றுதான் நான் கேட்டேன். அங்கே 'குடியிருப்போருக்கு மட்டும்' என்று போர்டு வைத்திருப்பது உனக்கும் தெரியும்.

"மனை போடும்போது பார்க்குன்னு விட்ட எடம் ஊருக்குச் சேரும். அது மல்லாட்டைக் கொல்லையா இருந்தப்போ அதுல நான் கடலை பறிச்சிருக்கேன். இப்ப நெழல்ல நடந்தா தப்பா?" என்றாய். தப்பில்லை. தப்பில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் என் வேன் ஓடியது அந்த நகர்க்காரர்களை நம்பித்தானே. அந்த நகர்ச் சங்கத்துச் செக்ரட்டரிதான் ஏர்போர்ட்டுக்கும் திருப்பதிக்கும் என்னைக் கூப்பிடுகிறவர். அவர் முகம் சுளித்தால் அடுப்பு எரியுமா என்ற பயம் எனக்கு.

நீயும் லேசுப்பட்டவளா? போனவள் கமுக்கமாக நடந்துவிட்டு வந்திருக்கலாம். அங்கே எல்லோரும் ஒரு பக்கமாகச் சுற்றினால் நீ எதிர்ப்பக்கமாகச் சுற்றினாய். கிரிவலம் போகிறவள் மாதிரி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வலமாகக் கிளம்புவாய். எதிரே ஷூவும் தொப்பியுமாக வருகிறவர்கள் உன்மேல் இடிக்காமல் ஒதுங்குவார்கள். ஒரு அம்மா, எல்லோரும் போகிற பக்கமாகப் போகச் சொன்னதற்கு, "மலை தெரியற ஊர்ல இடமாச் சுத்தச் சொல்றீங்களே, நல்லா இருக்கே நாயம்!" என்றாயாம். கேட்டு அன்றைக்கு நானும் சிரித்துவிட்டேன்.

மறுவாரம் சிரிப்பு வரவில்லை. செக்ரட்டரி வீட்டு வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பார்க் கேட்டில் சத்தம். நீயும் அவரும். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் அவர் பழக்கம். "ஏம்மா, நடக்கணும்னா இவ்வளவு பெரிய கிரிவலப் பாதை இருக்கு. உலகமே வந்து நடக்குது. மலையைச் சுத்துங்க, புண்ணியமும் சேரும்." நீ விடவில்லை. "சுத்தறேன் சார். பௌர்ணமிக்குச் சுத்தறேன். டாக்டர் தெனம் நடக்கச் சொல்லுது, செருப்பு போட்டு நடக்கச் சொல்லுது. சாமி பாதையில செருப்பு போட்டு நடக்கச் சொல்றீங்களா?" அவர் என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டம்மாதானே? கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். நீ பார்த்த பார்வை, இவர் வந்துவிட்டார், இனி இவர் பேசுவார் என்கிற பார்வை. நான் வந்து உன் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடி வீட்டுக்கு, மானத்தை வாங்காத." தெருமுனை வரைக்கும் கையை விடவில்லை. வீட்டுக்கு வந்தும் சும்மா இருந்தேனா? அவர் சொன்னதையே வாங்கி உனக்குச் சொன்னேன்: "நடக்கணும்னா மலை இருக்கு. மலையைச் சுத்திட்டு வா. புண்ணியமாவது சேரும்."

அதற்குப் பிறகு நீ பார்க் பக்கமே போகவில்லை. கேட்டில் பூட்டும் போட்டுவிட்டார்கள், நகரில் வீட்டுக்கு ஒரு சாவியோடு. உன்னால்தான் பூட்டு வந்தது என்று தெருவே பேசியது. நானும் மறுக்கவில்லை.

மறுநாள் மதியம் மலைக்குக் கிளம்பினாய். செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாய். நான் பார்த்தேன். போட்டுக்கொண்டு போ என்று சொல்ல வாய் வரை வந்தது. கிரிவலத்துக்குப் போகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். பாதி வழியில் திரும்பினால் சாமி குத்தம் என்று அரை மணி நேர நடையைப் பதினாலு கிலோமீட்டர் முழுச் சுற்றாக்கினாய். மரமில்லாத இடங்களில் சித்திரை வெயிலில் தார் எப்படி இருக்கும்? சுட்டிருக்கும். உன் காலுக்குத்தான் தெரியவில்லை. சில நாள் கழித்து வீட்டுத் தரையில் நீ நடந்த வழியெல்லாம் ஈரமாக ஒரு கறை வந்தபோது முதலில் பார்த்தது நான்தான். "இன்னாடி இது?" என்றேன். குனிந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, வலிக்கவே இல்லீங்க" என்றாய்.

பிறகு கட்டு, பிறகு விரல், பிறகு கால். பிறகு நீ இல்லை. அதை எழுத என் கைக்கு வரவில்லை.

காரியத்துக்குச் செக்ரட்டரி வந்திருந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். கிளம்பும்போது என் கையில் ஒரு சாவியை வைத்தார். "உங்களுக்கும் சர்க்கரைன்னு சொன்னாங்க. நீங்க வந்து நடங்க. உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரொம்ப நன்றிங்க சார்" என்றேன். உன் படத்துக்குப் போட்ட மாலை வாடக்கூட இல்லை.

போனேன். நடந்தேன். எல்லோரும் போகிற பக்கமாகவே நடந்தேன். நீ சொன்னது சரிதான், அங்கே காற்று வேறு மாதிரிதான் இருக்கிறது. புங்கம்பூ கொட்டிக் கிடந்தது, தரையெல்லாம் குளிர்ச்சி. தூக்கம் வந்தது, பசி வந்தது, டாக்டரம்மா சர்க்கரை குறைந்திருப்பதாகச் சொன்னார். உனக்குக் கிடைக்காத நிழலில் என் உடம்பு தேறியது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். போகும்போதெல்லாம் மறக்காமல் கேட்டைப் பூட்டினேன். நம் தெருவில் வீட்டுக்கு வீடு மாத்திரை டப்பா இருக்கிறது. எதிர்வீட்டுக் கன்னியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு தெருவிலேயே லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறாள். அவளைத் தாண்டித்தான் சாவியோடு போவேன். தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

இன்று காலை உன் செருப்பைப் பார்த்த பிறகு அப்படிப் போக முடியவில்லை. சாயங்காலம் கேட்டைத் திறந்தேன், பூட்டை அப்படியே தொங்கவிட்டேன். தெருவுக்குத் திரும்பி வந்து கன்னியம்மாவிடம், "வாம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. "எதுனா சொல்லுவாங்கண்ணே" என்றாள். பிறகு வந்தாள். அவள் பின்னால் இன்னும் சிலர். கன்னியம்மா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வலமாகக் கிளம்பினாள். நானும் அந்தப் பக்கமே திரும்பினேன். அப்படி நடந்தால் எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உனக்கு இது தினமும் நடந்திருக்கிறது என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

செக்ரட்டரி எதிரே வந்து நின்றார். "என்னங்க, கேட்டைப் பூட்டிட்டு வரக் கூடாதா? பாருங்க, யார் யாரோ வர்றாங்க." என் தலை தானாகக் குனிந்தது. குனிந்தபடியேதான் சொன்னேன்: "பூட்ட மாட்டேங்க சார். அவங்களும் நடக்கட்டும்."

அவர் ஒதுங்கிப் போனார். நாளைக்கு வேறு பூட்டு வரலாம், என் வேனுக்கு வேறு ஆள் வரலாம். வரட்டும், அப்போதும் இதையேதான் சொல்வேன். ஆனால் சொல்வதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது? ஒரு மூச்சு. அன்றைக்கு உன் கையைப் பிடித்து இழுக்காமல் இதைச் சொல்லியிருந்தால், இந்தச் செருப்பு எப்போதோ தேய்ந்து போயிருக்கும். புதுசு வாங்கிக் கொடு என்று என்னிடம் சண்டை போட்டிருப்பாய்.