கறுப்புத் திராட்சையை வெள்ளை என்று எழுதிய பதிவேட்டைத் திருத்தக் கோரி

அனுப்புநர்
லமாரா கொச்சியாஷ்விலி,
நக்வெரி கிராமம், கஹேத்தி.

பெறுநர்
தலைமை அதிகாரி அவர்கள்,
திராட்சைத் தோட்டப் பதிவு அலுவலகம்.

பொருள்: எங்கள் கீழ்த் தோட்டத்தின் பதிவைத் திருத்துதல், என் கணவர் மேல் விழுந்த பழியை நீக்குதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மேல் தோட்டத்தில் இருப்பது வெள்ளைத் திராட்சை. கீழ்த் தோட்டத்தில் இருப்பது, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவர் ஜவுரியும் நட்ட சாப்பெராவி என்னும் கறுப்புத் திராட்சை. ஊரே அறுவடை முடித்த பிறகுதான் அது கனியும். தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு என்பது தாங்கள் அறிந்ததே.

2. இவ்வாண்டு மார்ச்சில் தங்கள் அளவையர் வந்தபோது கொடிகளில் இலை இல்லை. சேறு என்பதால் அவர் கீழே இறங்கவில்லை. "கீழ இருக்கிறது கறுப்புங்க" என்றேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா, கையெழுத்தப் போடுங்க" என்றார். இரண்டு தோட்டத்துக்கும் வெள்ளை என்றே எழுதியிருந்த தாளில் நான் கையெழுத்திட்டேன். கணவர் அன்று வீட்டில் இல்லை. அவரிடம் நான் சொல்லவுமில்லை.

3. அக்டோபர் 12 அன்று கொள்முதல் நிலையத்தில் எங்கள் வண்டியை நிறுத்தினார்கள். "என்ன பெரியவரே, வெள்ளைக் கொடியில கறுப்பு காய்ச்சுதா?" என்று ஆய்வாளர் கேட்டார். என் கணவர் ஒரு பழத்தை நசுக்கி, சிவந்த உள்ளங்கையைக் காட்டி, "இது சாப்பெராவி இல்லன்னா வேற என்னங்க?" என்றார். அதற்கு ஆய்வாளர், "சாப்பெராவின்னு எனக்கும் தெரியுது. உங்களுதானான்னுதான் கேக்குறேன்" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

4. இரண்டு நாள் வெயிலில் நின்றோம். குலைகள் வண்டியிலேயே புளித்துப் பொங்கின. வீட்டுக்குக் கொண்டுவந்து, மண்ணில் புதைத்த சாடியில் கொட்டினோம். சாப்பெராவி மது இளமையில் கரடுமுரடானது. புளிப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடிக்கும், பல்லைக் கறுப்பாக்கும். ஐந்தாண்டு பொறுத்தால் செர்ரியும் அதிமதுரமும் மணக்கும். இவ்வாண்டுச் சாடியில் காடி வாடைதான் வருகிறது.

5. மறுவாரம் ரொட்டிக் கடையில் ஒருவர், "ஜவுரி, அடுத்த வருஷம் எங்க தோட்டத்துலதான் பறிக்கப் போறியா?" என்றார். என் கணவரும் சிரித்தாராம். வீடு திரும்பியதும் கோடரியோடு கீழே இறங்கினார். பதினோரு கொடிகள் விழுந்த பிறகே நான் போய்ச் சேர்ந்தேன். தடுக்க வேறு வழி தெரியாமல், "கையெழுத்துப் போட்டது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். கோடரியைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

6. இத்துடன் எங்கள் கீழ்த் தோட்டத்து மது இரண்டு புட்டி அனுப்பியுள்ளேன். 2014, 2016 ஆண்டுகளில் இறக்கியது. கையூட்டு என்று எண்ண வேண்டாம். ஊற்றிப் பாருங்கள், கோப்பைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தாலும் வெளிச்சம் வராது. வெள்ளைக் கொடி இதைத் தராது.

7. நட்ட ஈடு கேட்கவில்லை. என் கையெழுத்தின் தவறை நான் ஏற்கிறேன். தங்கள் ஆள் ஒருவர் கீழ்த் தோட்டத்துக்கு இறங்கிவந்து, கொடிகளைப் பார்த்து, பதிவைத் திருத்தி, அதை ஊர் மன்றத்தில் என் கணவர் பெயர் சொல்லிப் படிக்கவேண்டும்.

பிப்ரவரியில் கவாத்து செய்தாக வேண்டும். இதுவரை அவர் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கவில்லை. ஐயா, அதற்கு முன் வாருங்கள்.

இடம்: நக்வெரி
நாள்: 18.11.2019

பணிவுடன்,
லமாரா கொச்சியாஷ்விலி
(இம்முறை முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.)