கூண்டின் மேல் வைத்த கை

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

நீ போன பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. என் பொங்கோல் வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் ஒரே ஸ்கேனைத் திறக்கிறேன், மூடுகிறேன், மறுபடியும் திறக்கிறேன். பேருந்தில் என் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கி நடக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்குக் காலில் சக்கரம் என்பாய். இப்போது பார்த்தால் என்ன சொல்லுவாயோ!

காரணம் உன் மெர்போக். அந்தச் சின்னப் புறா நீ போனதிலிருந்து கூவவே இல்லை. தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது, தலையைச் சாய்த்து ஆளைப் பார்க்கிறது. சத்தம் மட்டும் இல்லை. உன் ஆங் மோ கியோ வீட்டில் அதோடு தினமும் இருக்கும் தம்பிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அக்கா, அது ஏங்கியே செத்துடும். இந்த ஞாயித்துக்கிழமையும் கூவலைன்னா பறவை வளக்கறவங்க யாருக்காச்சும் குடுத்துடலாம்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அலைச்சல் இன்னும் கூடிவிட்டது. உன்னுடையது என்று அந்த வீட்டில் மூச்சு விடுவது அது ஒன்றுதானே?

கூடவே பழைய கேள்வி ஒன்றும் என்னைக் குடைகிறது. ஜூரோங் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நின்று உன் காது போயிற்று. வாங்கிக் கொடுத்த காது மெஷினை அலமாரிக்குள் போட்டுவிட்டு, உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டாய். அப்படிப்பட்ட நீ, ஞாயிறு தவறாமல் கூண்டைத் தூக்கிக்கொண்டு, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பறவைக்காரர்கள் கூவல் கேட்கக் கூடும் இடத்துக்குப் போனாயே, அங்கே எதைக் கேட்டாய்? அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக, ஏதோ கச்சேரிக்குப் போகிறவள் மாதிரி போய் வருவாய். கேட்டால், "உன் வேலைய நீ பாரு" என்பாய்.

என் வேலை உனக்குத் தெரியும், பிடிக்காது. கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழுந்த பறவைகள், சாலையில் அடிபட்ட உடும்புகள், இவற்றின் மண்டையோட்டை ஸ்கேன் செய்து உள்ளே பார்க்கிறேன். உடும்பின் மூளை அதன் மண்டைக்குள் தளர்வாகக் கிடக்கிறது, சுற்றிலும் இடம் மிச்சம். பறவையின் மூளையோ பெருத்து, எலும்பை முட்டிக்கொண்டு நிற்கிறது. கோடிக்கணக்கான வருடங்களில் நடந்த மாற்றம் அது. பக்கத்திலேயே உட்செவி: ஆடும் கிளையில் விழாமல் நிற்க உதவும் மூன்று வளைந்த குழல்கள், ஒலியை வாங்க இன்னொரு குழல். அந்த ஒலிக்குழல் உடும்புக்குப் பெரும்பாலும் குட்டை. முதலைக்கும் பறவைக்கும் நீளம்.

முதலையும் பறவையும் தூரத்துச் சொந்தம் என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய். முட்டைக்குள்ளிருந்தே முதலைக்குஞ்சு கத்தும், தாய் அதைக் கேட்டு மண்ணைத் தோண்டும் என்றேன். பிள்ளையின் மெல்லிய குரலைப் பிடிக்கத்தான் அந்தக் காது அப்படி நீண்டதோ என்று எங்கள் துறையில் யோசிப்பவர்கள் உண்டு, இன்னும் முடிவாகவில்லை என்றேன். நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய். இன்னொரு நாள், பறவைக்குக் காதுக்குள் ஒலியை உணரும் செல்கள் செத்தாலும் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது என்று சொன்னேன். "அப்ப நான் பறவையாப் பொறந்திருக்கணும்" என்றாய். அதோடு விடாமல், கூண்டைக் காட்டி, "இதையும் ஒரு நாள் உன் மெஷின்ல போடுவியா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன்.

புறாவுக்குக் காது போய்விட்டதோ என்று சோதித்தும் பார்த்தேன். பின்னால் நின்று சாவியை லேசாக ஆட்டினாலே திரும்புகிறது. பறவை டாக்டரும் உடம்பில் குறையில்லை என்கிறார். பின்னே ஏன் அம்மா?

இதுவரை ஞாயிறுக்கு முன் எழுதியது, இனி வருவது அதற்குப் பின். சனிக்கிழமை தேக்கா சந்தையில் உன் படத்துக்கு மாலை வாங்கினேன். மறுநாள் காலையில் கூண்டோடு உன் பறவைக்காரர்களிடம் கிளம்பினேன். அங்கே எல்லோரும் செய்கிறார்களே என்று, உயரமான கம்பத்தில் கயிற்றை இழுத்துக் கூண்டை உச்சிக்கு ஏற்றினேன். மெர்போக்குக்கு உயரம்தான் பிடிக்கும் என்று நானும் படித்திருக்கிறேன். தொந்தரவு வேண்டாமென்று தள்ளி நின்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சுற்றிலும் எல்லாப் புறாவும் கூவின, நம்முடையதைத் தவிர. வெயில் ஏறியதும் தம்பிக்குப் போன் செய்யலாம் என்று கைபேசியை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் காசிம் அங்கிள் வந்தார். அங்கே உன் கூண்டுக்குப் பக்கத்தில் தன் கூண்டை மாட்டுகிறவராம். கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கம்மா மேல ஏத்தவே மாட்டாங்க லா. கீழ மாட்டி, கூண்டு மேல கைய வெச்சுட்டே நிப்பாங்க. நாங்க எத்தனையோ தடவ கிண்டல் பண்ணிருக்கோம்."

கிண்டல் செய்தபோது நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டுக் கையை அங்கேயே வைத்திருப்பாயாம். உனக்குக் காது கேட்காது என்பதே அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் அதைக்கூட நீ யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை!

கூண்டை இறக்கினேன். நெஞ்சு உயரத்தில் இருந்த கொக்கியில் மாட்டினேன். கூண்டின் மூங்கில் மேல் விரல்களை வைத்தேன். வெகு நேரம் ஒன்றுமில்லை. கை வலித்தது. பிறகு புறா தன் குச்சியில் இரண்டு எட்டு நகர்ந்து என் பக்கம் வந்து, தலையைத் தாழ்த்தியது. தொண்டை உப்பியது. கூவல் என் காதுக்கு எட்டும் முன்பே விரலில் ஒரு சின்ன அதிர்வு தட்டியது. நீ அங்கே எதைக் கேட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது அம்மா. அத்தனை பேருக்கும் முன்னால் நின்று அழுதேன். காசிம் அங்கிள் பாவம், எனக்கு டிஷ்யூ தேடிக்கொண்டு ஓடினார்.

தம்பிக்குப் போனில் கூவலைக் கேட்க வைத்தேன். அவன், "வீட்டுக்கே கொண்டு வாக்கா, யாருக்கும் குடுக்க வேணாம்" என்றான்.

கேள்வி தீர்ந்தது, ஆனாலும் மனம் அடங்கவில்லை. அது அத்தனை சுலபமாக அடங்காது. ஞாயிறு தோறும் நான் அங்கே போவேன், கூண்டைக் கீழேதான் மாட்டுவேன், கையை எடுக்க மாட்டேன். அன்று நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு இதோ பதில்: போட மாட்டேன் அம்மா. அதன் காலம் முடியும்போது, அந்தக் குட்டித் தலையைத் திறந்து பார்க்காமல், முழுசாக மண்ணில் வைப்பேன்.

உன் கூண்டைத் தூக்கிக்கொண்டு அலையும்
உன் மூத்தவள்,
கோமதி