பூசானில் கிம் மேடம் சொன்னது

அம்மா,

இந்தக் குளிர்க்கோட்டிலிருந்து மீன் வாடை இன்னும் போகவில்லை. குவைத்தில், ஃபஹாஹீலில் நம் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கிற லாண்டரியில் இரண்டு முறை போட்டுவிட்டேன். "ஸ்மெல் மாஃபி, பாய்", வாடையே இல்லை என்று சாதிக்கிறார் கடைக்காரர். எனக்கு மட்டும் அடிக்கிறது. இன்று அலமாரியை ஒழித்த அப்பா அதை வெளியே எடுத்துப் போட்டு, "இந்த வெயில்ல இத எங்கடா போடப் போற? யாருக்காவது குடுத்துரு" என்றார். நான் அதை எடுத்துத் திரும்ப மாட்டினேன். பாசத்தால் அல்ல. அதைப் போட்டுக்கொண்டு பூசானில் அலைந்த அந்த நாளின் எரிச்சல் இன்னும் தீரவில்லை.

நீ போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. திருச்சியில் காரியங்களை முடித்துவிட்டுக் கொரியாவுக்கு, தேஜானில் என் ஹாஸ்டலுக்குத் திரும்பியிருந்தேன். ஜனவரி விடுமுறை. கூடப் படித்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டு வருடமாக ஃபோனில் நீ சொல்லிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. "பூசான் என்னடா பெரிய தூரம்? ஒரு நாள் போயி கிம் மேடத்தப் பாத்துட்டு வாயேன். ஆறு வருஷம் எனக்குப் பக்கத்து சீட்டு." குவைத்தில் ஒரு கொரியக் கம்பெனியின் சைட் ஆபீஸில் நீ டாக்குமென்ட் கன்ட்ரோலர், அவர் அந்தப் பிரிவுக்கு மேலாளர். ஓய்வு பெற்றபின் பூசானுக்கே போய்விட்டவர். நான் ஒவ்வொரு முறையும் "பரீட்சை முடியட்டும்மா" என்று தள்ளிப்போட்டேன். நீ கேட்க இல்லாதபோதுதான் கிளம்பினேன்.

நாலு மணிக்குத்தான் பார்க்க முடியும் என்று அவர் செய்தி அனுப்பியிருந்தார். நான் காலை ஒன்பதுக்கே போய் இறங்கிவிட்டேன். அவ்வளவு நேரம் என்ன செய்வது? ஊரைச் சுற்றினேன். மலைச்சரிவு முழுக்க நீலமும் மஞ்சளும் ரோஸுமாக வண்ணம் பூசிய வீடுகள். ஜோடி ஜோடியாக வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செங்குத்தான படிகளில் ஏறி மூச்சு வாங்க நின்றேன். குளிரில் ஃபோன் செத்துவிட்டது. மேப் இல்லாமல் தவறான பஸ்ஸில் ஏறி, வேறெங்கோ இறங்கினேன். பசித்தது. ஒரு ஓட்டலில் கதவைத் திறந்ததுமே, "இரண்டு பேராக வந்தால்தான்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒற்றை ஆளுக்கு அங்கே மேஜையடுப்பைப் பற்றவைப்பதில்லையாம். கடலையாவது பார்ப்போம் என்று துறைமுகத்துப் பக்கம் போனால், காற்று காதை அறுத்தது. குவைத்தில் ஜனவரிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும் என்று வளர்ந்தவன் நான். "எல்லாம் உன்னாலதாம்மா" என்று வாய்விட்டே திட்டினேன்.

நாலு மணிக்கு, வழி கேட்டுக் கேட்டு, மீன் சந்தைக்குள் அவர் தங்கை நடத்தும் கருவாட்டுக் கடையைக் கண்டுபிடித்தேன். குள்ளமாக, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கிம் மேடம் வெளியே வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அப்படியே உன் அம்மா கண். யால்லா, உள்ளே வா." குவைத்தைவிட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அவர் வாயில் அந்த ஊர் போகவில்லை. என் கோட்டை வாங்கிக் கருவாட்டுச் சரங்களுக்கு நடுவே மாட்டினார். ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, முட்டை போட்ட சோறு கொடுத்தார்.

"மீன் சாப்பிட மாட்டாய், தெரியும்" என்றார். "உன் அம்மா எல்லாம் சொல்லியிருக்கிறாள். மே மாதம் ரிப்போர்ட் வந்த அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினாள். பாதி உன்னைப் பற்றித்தான்."

"எந்த ரிப்போர்ட்?"

அவர் முகம் மாறியது. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "உனக்கு… அப்புறமாவது சொல்லவில்லையா?"

கணையத்தில் புற்று திடீரென்று வந்தது, பத்தே நாளில் முடிந்துவிட்டது என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். அக்டோபரில் நீ போனாய். மே மாதமே உனக்குத் தெரிந்திருக்கிறது. வீடியோ காலில் ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று கேட்டபோது, "டயட்டுடா, பொறாமையா?" என்று சிரித்தாயே. ஆகஸ்டில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ கண்ணயர்ந்துவிட்டாய் என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கூப்பிடாமல் இருந்தேனே அம்மா. அந்த இரண்டு நாளை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கிம் மேடத்தின் ஃபோனிலேயே அப்பாவைக் கூப்பிட்டேன். மே மாதமே தெரியுமா என்று கேட்டேன். "சத்தியம் வாங்கிட்டாடா. ஒரு செமஸ்டர் வீணாப் போயிரும்னா" என்றார். செமஸ்டரைத் திரும்பப் படிக்கலாம் அம்மா. இது உனக்குத் தெரியாதா?

எழுந்து வெளியே நடந்தேன். ஐஸ் தண்ணீர் ஓடும் தரை, மீன்களைக் கூவி விற்கும் பெண்கள். சந்தையின் கடைசிவரை போனபிறகுதான் கோட்டு இல்லாததே உறைத்தது. பின்னாலேயே கிம் மேடம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல் போட்டுவிட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். அவருக்கு மூச்சு இரைத்தது.

"எனக்கும் கோபம்" என்றார். "மூன்று தடவை சொன்னேன், மகனிடம் சொல் என்று. 'கலாஸ், கிம்' என்று பேச்சை முடித்துவிட்டாள். பிடிவாதக்காரி. ஆபீஸிலும் அப்படித்தான், நினைத்ததைத்தான் செய்வாள்." கொரிய மொழியில் உன்னை ஏதோ திட்டினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்த நாளில் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்தத் திட்டு ஒன்றுதான். பிறகு இருவரும் ஸ்டேஷன்வரை நடந்தோம்.

படிப்பு முடிந்து இங்கே, குவைத்துக்கே வேலைக்கு வந்துவிட்டேன். அப்பாவிடம் கோபம் எப்போதோ தணிந்துவிட்டது. அவரும் உன்னிடம் மாட்டிக்கொண்டவர்தானே. உன்னைத்தான் மன்னிக்க முடியவில்லை. என் நல்லதற்குத்தான் செய்தாய் என்று ஊரே சொல்கிறது. என் நல்லது எது என்று என்னைக் கேட்டிருக்கலாம்.

காலையில் சைட்டுக்கு முக்கால் மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். அந்த நேரம் முழுக்க உன்னோடுதான் சண்டை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறேன், நீ சொல்லக்கூடிய பதிலையும் நானே சொல்லி, அதையும் மறுக்கிறேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் சில நாள் திரும்பிப் பார்ப்பார். காலையிலேயே வீட்டில் யாரிடமோ ஃபோனில் சத்தம் போடுகிறான் என்று நினைத்துக்கொள்வார் போலிருக்கிறது. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிடுகிறேன்.