நீ கொண்டுவந்த கோலாக் கொட்டை

கோவாஹுன்
4 அக்டோபர் 2011

தம்பி போக்காரிக்கு,

அம்மாவின் நாற்பதாம் நாளுக்கு நீ வரவில்லை. அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் விறகு பிளந்துகொண்டே எழுத்துக் கற்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளாதே, திருத்தி அனுப்பு.

ஊரைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுவிட்டார்கள். எண்ணெய்ப்பனை போடக் கம்பெனி வருகிறது, ஐம்பது வருடக் குத்தகை. தலைவர் எல்லோரையும் கூப்பிட்டுத் தட்டில் கோலாக் கொட்டை நீட்டினார். ஒவ்வொரு குடும்பத்து மூத்தவனும் எடுத்துக் கடித்தான். கடித்தால் சம்மதம், பிறகு பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"ஊரே கடிச்சாச்சு வாண்டி, உன் பல்லுக்கு மட்டும் என்ன கேடு?" என்றார்.

"இது எங்கப்பா குடுத்த பல்லு ஐயா. உங்க தட்டுல இருக்கறதைக் கடிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. பித்தளைத் தலை வைத்த தடியைத் தரையில் ஒரு முறை தட்டினார். குடிசை வரி பிடுங்கிக் கொடுத்ததற்காக அவர் தாத்தாவுக்கு வெள்ளைக்காரன் தந்த தடி அது. வெள்ளைக்காரன் போய்விட்டான், தடி போகவில்லை.

நம் சதுப்பு வயல் நடுவில் கிடக்கிறது. நம் குடும்பம் கடிக்காமல் அவர்களால் தாண்ட முடியாது. நீ படித்தவன். வந்து என் பக்கத்தில் நில்.

உன் அண்ணன்,
வாண்டி

கெனெமா
19 அக்டோபர் 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் எழுத்தில் பிழை எதுவும் இல்லை, கோபம் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு நான் தகுதியானவன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்மாவைத் தூளியில் கட்டி நான்கு பேர் காட்டு வழியே தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. அன்று மழையிலும் வண்டி ஓடும் சாலை ஒன்று இருந்திருந்தால்? கம்பெனி சாலை போடும், பள்ளி கட்டும் என்கிறார்கள். இத்தனை வருடமாக நமக்கு வேறு யார் என்ன செய்தார்கள்?

இதைக் காகிதத்தில் பேச வேண்டாம். நான் வருகிறேன். அம்மாவின் பேரைச் சொல்லி உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பணிவுடன்,
போக்காரி

கோவாஹுன்
13 நவம்பர் 2011

அன்புத் தம்பிக்கு,

நீ வந்துபோனதிலிருந்து உன் அண்ணி ஜெனபா அடுப்படியில் பாடிக்கொண்டிருக்கிறாள். "உங்க தம்பி வந்தாத்தான் உங்களுக்கும் சிரிக்கத் தெரியுது" என்கிறாள்.

இரண்டு வெள்ளைக் கோலாக் கொட்டைகளை என் கையில் வைத்து, "அம்மாவுக்காகண்ணா" என்றாய். நான் யோசிக்கவே இல்லை, கடித்துவிட்டேன். நம் தொப்புள்கொடிகளைப் புதைத்து அம்மா வைத்த இரண்டு கோலா மரங்களையும் பார்த்தாய். உன்னுடையது காய்த்துக் குலுங்குகிறது. அதை ஏன் தொடாமல் நின்றாய்?

மரவள்ளி இலைக் குழம்பை நீ சரியாகச் சாப்பிடவில்லை. வண்டிப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாய். தலைவரின் ஆள் உன் வண்டியில் வந்ததற்கு, "வழியில ஏறிக்கிட்டார்" என்றாய். நான் கடித்தபோது அவர் போனில் படம் எடுத்தார். உன் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் என்று நினைத்தேன்.

மறுநாளே சிவப்புத் துணி நம் வயலுக்குள் வந்துவிட்டது. குச்சி நட்டவன் என்னைப் பார்த்து, "ரொம்ப நன்றி பெரியவரே" என்றான்.

எதற்கு நன்றி? நெல் இன்னும் அறுக்கவில்லை. வயலில் ஒரு குருவிகூட இறங்கவில்லை. தம்பி, அது யார் கொடுத்தனுப்பிய கொட்டை? அதை மட்டும் எழுது.

வாண்டி

கெனெமா
24 நவம்பர் 2011

அண்ணா,

அது அம்மாவுக்காகவும்தான். சத்தியமாக, அதற்காகவும்தான்.

ஆகஸ்டிலிருந்து கம்பெனி அலுவலகத்தில் இருக்கிறேன். உங்களைச் சம்மதிக்க வைக்காவிட்டால் வேலை இல்லை என்றார்கள். நீங்கள் எப்படியும் தோற்றிருப்பீர்கள். அடிபடாமல் தோற்கட்டும் என்று நினைத்தேன்.

டிசம்பர் ஐந்தாம் தேதி வீட்டில் இருக்காதீர்கள். போலீஸ் லாரியும் வருகிறது. போலீஸ்காரர்களுக்கு நீங்கள் என் அண்ணன் என்று தெரியாது. இங்கே ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறேன். அண்ணியை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

போக்காரி

கோவாஹுன்
5 டிசம்பர் 2011

போக்காரிக்கு,

வந்தார்கள். கதிரோடு நெல்லை மண்ணுக்குள் தள்ளிவிட்டு, வீட்டு வாசலில் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். ஓட்டுகிறவன் நம் இனத்துப் பையன். இரண்டு கோலா மரங்களையும் பார்த்ததும் இறங்கிவிட்டான்.

"பெரியவரே, கொடி புதைச்ச மரத்துல நான் கை வைக்க மாட்டேன். எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டா."

"எது உன் கையைத் தடுக்குது?"

"ரெண்டும்தான்."

"ஒண்ணுதான் தடுக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கோடரியை எடுத்தேன். உன் மரத்தை அவர்கள் தொடவில்லை. நானே வெட்டினேன். என்னுடையது நிற்கிறது. அதன் அடியில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெனபாவை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். போலீஸ்காரர்கள் லாரியிலிருந்து இறங்கி வேறு ஓட்டுநரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவன் கிடைக்கும்வரை எனக்கு நேரம் இருக்கிறது.

பதில் எழுதாதே. அறையை வேறு யாருக்காவது கொடு.

இந்தக் கடிதத்தோடு கெனெமா போகும் வேன்காரரிடம் ஒரு கூடையும் தந்தனுப்புகிறேன். உன் மரத்தில் இருந்த கொட்டை முழுக்க அதில் இருக்கிறது. அடுத்த ஊருக்குப் போகும்போது உனக்குத் தேவைப்படும்.

வாண்டி கல்லோன்