மலரில் ஏறாத இரண்டு பக்கங்கள்

புதுச் சாலைக்கு நிலம் எடுக்கும் விசாரணையில், மேசைமேல் நம் ஊர்க் கோவிலின் கும்பாபிஷேக மலர் கிடந்தது. வாசலிலேயே அட்டையை அடையாளம் கண்டுகொண்டேன். நான் வடிவமைத்த அட்டை அல்லவா. எதிர்த்தரப்பு வக்கீல் 'ஊர் வரலாறு' பகுதியைப் பிரித்து, "ஏரிக்கரையில சுடுகாடு இருந்ததா இதுல ஒரு வரி கூட இல்லைங்க ஐயா. ஊர்க்காரங்களே போட்ட புஸ்தகம்" என்றார். அதிகாரி பக்கங்களைப் புரட்டியபோது பழைய மை வாடை வந்தது.

நீ செத்துப்போய் ஏழு வருஷம் ஆகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

உத்திரமேரூரில் என் டைப்பிங் கடைக்கு டவுன் பஸ் பிடித்து, அந்த இளம்பிள்ளைவாதக் காலை இழுத்துக்கொண்டு வந்தாய். கையில் நாற்பது பக்க நோட்டு. மலர்க் குழு எனக்குக் கொடுத்திருந்த வரலாறு கல்வெட்டில் தொடங்கி, கோபுரம், தெப்பக்குளம், தேர்முட்டி என்று போய்க் கோவில் வாசலிலேயே முடிந்துவிட்டிருந்தது. வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாய். "கல்லுல எழுதனவன் காலனிப் பக்கம் எட்டிப் பாத்துக்கீறானா இன்னா? நாம எழுதிக்கினாத்தான் உண்டு."

உன் நோட்டில் நம் ஊர் இருந்தது. நாம் தண்ணீர் எடுத்த கிணறு, அறுப்பு முடிந்து அரிவாள் தீட்டிய கல், மதகு, ஏரிக்கரையின் மூன்று பனைகள். பனைகளுக்கு அப்பால் நம் இடுகாடு. கல் நட்டுப் பெயர் எழுத நமக்கு எங்கே வசதி? பனையிலிருந்து தப்படி எண்ணித்தான் அவரவர் தங்கள் ஆட்களை ஞாபகம் வைத்திருந்தார்கள். நீ வீடு வீடாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் நீயே நடந்து எண்ணி எழுதியிருந்தாய். "மூணாவது பனையிலருந்து ஏரியப் பாத்து இருபத்திரெண்டு தப்படி. அங்கதான் உங்கப்பா" என்று விரல் வைத்துக் காட்டினாய். எல்லாவற்றையும் சுருக்கி இரண்டு பக்கமாக்கினேன். கண்டிப்பாகப் போடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன்.

குழுவில் யாரும் என்னை மிரட்டவில்லை. "மங்கலமான புஸ்தகத்துல சுடுகாடு எதுக்குபா? நீயே யோசிச்சுப் பாரு" என்று தன்மையாகத்தான் கேட்டார்கள். கோவில் மண்டபத்தில் அன்று எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நம் தெரு ஆளுக்கு அங்கே நாற்காலி போட்டு நான் பார்த்ததே இல்லை. உட்கார்ந்த சுகத்தில் தலையாட்டிவிட்டேன். கடைக்கு வந்து அழித்தேன், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மலர் வந்த அன்று முன்னிருந்து பின்னாகப் புரட்டினாய். மறுபடி பின்னிருந்து முன்னாகப் புரட்டினாய். "பரவால்ல வுடு. நீ இன்னா பண்ணுவ" என்றாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அதற்கப்புறம் நீ எதிரே விந்தி வருவது தெரிந்தால் நான் வேறு தெருவில் வண்டியைத் திருப்பிவிடுவேன். நீ சாகும்வரை அப்படித்தான் ஓடினேன்.

விசாரணையில் எழுந்து நின்று, "அது இருந்துச்சுங்க ஐயா, நான்தான் எடுத்துட்டேன்" என்றேன். அச்சில் ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இல்லை. சர்க்கார் கணக்கில் அந்த இடம் தரிசு. புதுச் சாலை அதன்மேல்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டியவர்கள் ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துக்கொள்ளலாம், தோண்டக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உன் மனைவி நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இத்த வெச்சு எதுனா பண்ணுண்ணா." ஞாயிறு காலை தெருவே ஏரிக்கரையில் நின்றது. இடுகாட்டுக்குள் காலே வைக்காத பெண்களும் இந்த முறை வந்திருந்தார்கள். முதலில் அப்பாவுக்கு. மூன்றாவது பனையிலிருந்து இருபத்திரண்டு எட்டு வைத்தேன். ஏரித் தண்ணீருக்குள் முழங்காலளவில் நின்றேன். தண்ணீரில் நின்றபோதுதான் உறைத்தது, அது உன் தப்படி. குட்டைக் காலின் தப்படி. திரும்பிப் போய், இடது காலை இழுத்து இழுத்து நடந்தேன். யாரோ சிறுசுகள் சிரித்தார்கள். "அவுரு அப்பிடித்தான் நடப்பாரு" என்று சொல்லிவிட்டு உன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று முழுக்க உன்னைப் போலவே நடந்தேன். நோட்டில் உள்ள அத்தனை பேருக்கும் எண்ணிக் காட்டினேன். நிற்கும் இடம் சரிதானா என்று ஒரு தடவைகூட நிச்சயமில்லை. அவர்கள் என்னை நம்பித் துணியில் மண் முடிந்துகொண்டு போனார்கள்.

கடைசியில் உன் மனைவி மட்டும் நின்றாள். "அவுருது எங்கண்ணா கீது?"

நோட்டில் நீ இல்லை. உன்னை யார் எழுதுவது? உன்னைப் புதைத்த மழைநாளில் நானும் வந்திருந்தேன், எல்லோருக்கும் பின்னால், குடைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு. முதல் பிடி மண் விழுந்ததும் கிளம்பிவிட்டேன். குழி வெட்டிய இருவரில் ஒருவர் இப்போது இல்லை. இன்னொருவர், "இங்கதான் எங்கியோ" என்று கையை ஒரு சுற்று வீசினார். மேடெல்லாம் மழையில் கரைந்து ஒரே தரையாகக் கிடந்தது.

"நீ கூட இருந்தியேண்ணா" என்றாள்.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது பனையிலிருந்து விந்தி விந்திப் பதினைந்து நடந்து நின்று, "இங்க" என்றேன். அவள் உட்கார்ந்து ஒரு பிடி அள்ளினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இன்னா ஜில்லுனு கீது பாருண்ணா" என்று என் கையிலும் கொஞ்சம் வைத்தாள்.

அது நீ இல்லையடா.