தண்டனைக்கு முன் வேண்டிய நற்சான்றுகள்

அபிராமபுரம்
9-1-1996

சிரஞ்சீவி ஜெயராமுக்கு அநேக ஆசீர்வாதம்.

குழம்பாமல் இருக்க, எழுதப் போவதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்:

1. நற்சான்றுகள்.
2. மாடிவீட்டு அய்யாதுரையிடம் சொல்லாதது.
3. நான் அங்கே வருவது.

ஒன்று: கம்பெனிப் பணத்தை எடுத்துக் கணக்கில் மறைத்ததை நீ கோர்ட்டில் ஒப்புக்கொண்டாயிற்று. தண்டனை எவ்வளவு என்பதுதான் பாக்கி. அதற்குமுன் உன்னை அறிந்தவர்கள் நீதிபதிக்கு எழுதலாம் என்றாராமே உன் வக்கீல். பதினொரு பெரிய மனிதர்களிடம் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். காரணம் கேட்டவர்களிடம், அமெரிக்காவில் ஏதோ கேட்கிறார்கள் என்றேன்.

இரண்டு: அய்யாதுரை உன்னைச் சிறு வயதிலிருந்து அறிவார். ஆனால் தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க ஊரோடு பேசுகிறவர். அவரிடம் கேட்கவில்லை.

மூன்று: நான் வந்து என்ன பிரயோஜனம்? கோர்ட்டில் வாய் திறக்கத் தெரியாதவன். என்னைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் உனக்குக் கூடும்.

அப்பா

நியூ ஜெர்சி
24-1-1996

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

சான்றுகளில் ஒன்றைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறார் வக்கீல். நான் செய்தது தெரியாதவர் என்னை நல்லவன் என்று எழுதினால் நீதிபதிக்குக் கோபம்தான் வருமாம். தெரிந்தே எழுதுகிறேன் என்று ஒருவர் எழுதினாலும் போதுமாம். பதினொன்றிலும் ஒரே வாசகம் இருக்கிறதே என்று சிரித்தார். நீங்கள்தானே டிராஃப்ட் போட்டுக் கொடுத்தீர்கள்?

இதை ஒருவரிடம் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருக்கும். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். தண்டனை சொல்லும் தேதி மார்ச் 18.

ஜெயராம்

அபிராமபுரம்
8-2-1996

சிரஞ்சீவி ஜெயராமுக்கு ஆசீர்வாதம்.

சொல்லிவிட்டேன். முதல் நாள் பாதி மாடிப்படியில் திரும்பி வந்தேன். மறுநாள்தான் மேலே போனேன். அய்யாதுரை முழுக்கக் கேட்டுவிட்டு மோரை நீட்டினார்.

"இதுக்கா சார் ரெண்டு மாசமா என்னக் கண்டா அந்தப் பக்கமாப் போனீய? தண்ணி மோட்டார் போடுறதுல கோவம்னுல்லா நெனச்சேன்."

அப்போதே தமிழில் எழுதிக் கொடுத்தார்: 'அவன் செய்தது திருட்டு. திரும்பி வந்தால் என் கடைக் கணக்கை அவன் கையில்தான் கொடுப்பேன்.' நான் இங்கிலீஷில் பெயர்த்தேன். திருட்டு என்ற இடத்தில் மென்மையான சொல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:

"சார், திருட்டுன்னுதான போட்டீய?"

போட்டேன். அதன்பிறகு நெஞ்சு லேசாக இருக்கிறது. அன்று மத்தியானம் தூங்கக்கூடச் செய்தேன்.

அப்பா

அபிராமபுரம்
20-3-1996

சிரஞ்சீவி ஜெயராமுக்கு அநேக ஆசீர்வாதம்.

நேற்று போனில் ஜெயில் இல்லை, ஆறு மாதம் வீட்டுக்காவல் என்று நீ சொன்னதும், ரிசீவரை வைக்க மறந்து நின்றேன். மாடிக்கு ஓடினேன், என் வயதில் ஓடக்கூடாது. அய்யாதுரை மனைவி பேச்சியம்மாள் கேசரி கிளறினாள். அய்யாதுரை, தன் கடிதத்தை நீதிபதி படித்தாரா என்று மூன்று தடவை கேட்டார். படித்தார் என்றேன். கடைக்குக் கிளம்பும்வரை அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இவருக்காக யாராவது வந்திருக்கிறார்களா என்று நீதிபதி கேட்டதாகவும், நீ பின்னால் திரும்பிப் பார்த்ததாகவும் சொன்னாய். பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாய். எனக்கு இரவு முழுக்க அதுதான்.

வீட்டு வாசலைத் தாண்டக்கூடாத உனக்குக் காய்கறி வாங்கிவர ஓர் ஆள் வேண்டாமா? இன்று காலை விசா மனு வாங்கி வந்திருக்கிறேன். முதல் கடிதத்தில் மூன்றாவதாக எழுதியது தவறு.

அப்பா