இடுப்பில் செருகிய வில்வம்

அண்ணி,

காலையில், நேற்றுக் கட்டியிருந்த புடவையை உதறியபோது ஒரு வில்வ இலை விழுந்தது. வாடியிருந்தது. கசக்கி முகர்ந்தேன், அந்தப் பச்சை வாசனை மட்டும் போகவில்லை. இதை உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம். பட்டணத்திலிருந்து பெண்கள் காலேஜ் இரண்டின் விண்ணப்பத் தாள்கள் நம் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்திருந்தன. ஒன்று கடலைப் பார்த்தது, இன்னொன்று மரங்களுக்கு நடுவே. எனக்குக் கடல்தான் வேண்டும். அப்பாவோ, "ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே ஓடியாந்துச்சு, மறுபடியும் கடலோரமா?" என்பார். யுத்தம் முடிந்துவிட்டதை அவரிடம் யார் சொல்வது! கிணற்றடியில் நீங்கள் துணி துவைக்க, நான் பாடப் பட்டியலை உரக்கப் படிப்பேன். எட்டாவதோடு நின்றவர் நீங்கள், ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்பீர்கள். லாஜிக் என்றால் தர்க்கம் என்றேன். "அதுக்கு எதுக்குப் பட்டணம்? உங்கண்ணன்கிட்ட ஒருநாள் வாயக் குடுத்துப் பாரு, போதும்."

இதற்குள் புவனகிரியிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. அப்பா குழம்பிப் போனார். "செதம்பரத்துல பூ கட்டிப் போட்டுப் பாத்துடலாம்" என்றார். கடற்கரைக் காலேஜுக்குச் செவ்வரளி, மரங்கள் சூழ்ந்ததற்கு வெள்ளை நந்தியாவட்டை, கல்யாணத்துக்கு வில்வம். மூன்றையும் வாழையிலையில் சுருட்டி ஒரே மாதிரி நார் சுற்றும் வேலை உங்களுக்கு. ரயிலில் நான் பொட்டலங்கள் இருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்களோ ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தீர்கள். ஆத்திரமாக இருந்தது.

நடராசர் சந்நிதியில் அப்பா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளைப் பூ. கல்யாணம் தப்பியதே என்று மூச்சு வந்தது, கடல் போயிற்றே என்று அழுகையும் வந்தது. மற்ற இரண்டையும் பிரிக்கப் போன அப்பாவைத் தடுத்தீர்கள். "மத்ததப் பிரிச்சா சாமிய நம்பலன்னு ஆயிடும் மாமா. நான் கொளத்துல உட்டுட்டு வரேன்."

பின்னாலேயே வந்த நான், சிவகங்கைக் குளத்துப் படியில் அவற்றைப் பிடுங்கிப் பிரித்தேன். ஒன்றில் செவ்வரளி. அடுத்ததிலும் செவ்வரளி. வில்வம் எங்கே என்றேன். இடுப்பிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விட்டீர்கள்.

"காலேஜா கல்யாணமான்றத நான் பாத்துக்கிட்டேன். எந்தக் காலேஜுன்னு சாமி சொல்லட்டும்னு உட்டேன். உனக்குக் கடல்னா உசுராச்சேன்னு செவப்ப ரெண்டா வச்சேன். அப்பவும் அந்த ஆளு வெள்ளையத்தான் குடுக்கறாரு, பாரேன்!"

"பாவமில்லையா அண்ணி?"

நீங்கள் சிரிக்கவில்லை. "எட்டாவது முடிச்சப்ப எனக்கும் கட்டுனாங்க. படிப்பா கல்யாணமான்னு. கல்யாணம் வந்துச்சு. இன்னொரு பொட்டலத்த யாரும் பிரிக்கவே இல்ல. அதுல என்னா இருந்துச்சுன்னு இன்னிக்கும் யோசிக்கிறேன்."

மரத்தடிகளில் நாலு வருஷம் படித்தேன், டீச்சர் வேலைக்கும் போனேன். கடலுக்கு ஏங்கியதெல்லாம் முதல் மாசம்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் அண்ணனை ஜெயிக்கத் தர்க்கம் சொல்லித் தரச் சொல்வீர்கள். ஒருநாள் ஜெயித்தும் காட்டினீர்கள். உங்களிடம் நன்றி என்று நான் சொன்னதேயில்லை. கேலி செய்வீர்களோ என்று வெட்கம். இப்போது அது நெஞ்சில் கனக்கிறது.

நேற்று எதிர்வீட்டு அம்மாள் வந்தார். மகளுக்கு இரண்டு காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் கல்யாணத்தையும் மூன்றாவதாகச் சேர்த்துப் பூ கட்டச் சொல்கிறாராம். "டீச்சரம்மா, உங்க கையால கட்டிக் குடுங்க" என்றார். அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு எந்தக் காலேஜ் பிடிக்கும் என்று கேட்டேன். பிறகு மூன்று பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

இலையை இன்னும் தண்ணீரில் விடவில்லை அண்ணி. உங்களிடம் காட்டிவிட்டு விடலாம் என்று வைத்திருக்கிறேன்.